கன்றைச் சுற்றி மூன்றடி: இளம் பழமரங்களைப் புல்லிடமிருந்து காப்பாற்றுவது எப்படி

மா, கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா எதுவாக இருந்தாலும் சரி, கன்று வைத்து இரண்டு வருடம் ஆகியும் இடுப்பு உயரத்திலேயே நிற்கிறது என்றால் நாம் முதலில் சந்தேகப்படுவது நர்சரிக்காரரை, அடுத்து மண்ணை. ரகம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அல்லது மண்ணில் சத்து இல்லை, இன்னும் ஒரு கை யூரியா போடு. தூரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை, அது பச்சையாக இருக்கிறது, பார்க்க நன்றாகவும் இருக்கிறது. வளராத கன்றுகளில் பாதிக்கு மேல் பிரச்சினை அந்தப் புல்தான் என்பது என் எண்ணம். அதனால் உரக்கடைக்குப் போகும் முன் மண்வெட்டியை எடுங்கள்.

புல் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? புதிதாக நட்ட கன்றின் சத்து உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், அரை அடி முதல் ஓரடி ஆழத்துக்குள் இருக்கின்றன. புல்லின் வேரும் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் நூல் நூலாக, அடர்த்தியாக, ஒரு அங்குல மண்ணைக்கூட விடாமல் பரவியிருக்கும். நீங்கள் ஊற்றும் தண்ணீரும் போடும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) முதலில் புல்லுக்குப் போகிறது, மிச்சம் இருந்தால்தான் கன்றுக்கு. இந்தச் சண்டையில் அகன்ற இலைக் களைகளைவிடப் புல் வகைகளே மோசம். கன்று பட்டினி கிடக்கிறதா என்று பார்ப்பதும் எளிதுதான்: அடி இலைகள் வெளிறிப் போகும், துளிர் விடும்போது நீளமாக வராமல் விரல் நீளத்தில் நின்றுவிடும், மத்தியான வெயிலில் பக்கத்துக் கன்றுக்கு முன்பே இலை தொங்கும்.

இதை நம்பாதவர்களுக்கு ஒரு பழைய கதை. இங்கிலாந்தில் வோபர்ன் என்ற ஊரில் 1894இல் பெட்ஃபோர்டு பிரபுவும் ஸ்பென்சர் பிக்கரிங் என்ற வேதியியல் அறிஞரும் பழமரங்களுக்காகவே ஒரு ஆய்வுப் பண்ணை தொடங்கினார்கள். இளம் ஆப்பிள் மரங்களின் வேர்ப்பகுதியில் புல்லை வளரவிட்டுப் பார்த்தபோது மரங்கள் குன்றிப் போயின, அதுவும் எவ்வளவு மோசமாக என்றால் புல்வேர் ஏதோ விஷத்தைக் கக்குகிறது என்றே பிக்கரிங் முடிவுக்கு வந்தார், மரம் இருக்கும் தொட்டி மேல் துளையிட்ட தட்டில் புல் வளர்த்து அதிலிருந்து வடியும் தண்ணீரைக்கூடச் சோதித்தார். சில புற்களிடம் அப்படிப்பட்ட குணம் கொஞ்சம் இருப்பது உண்மைதான். ஆனாலும் பெரும்பங்கு கெடுதல் தண்ணீரையும் தழைச்சத்தையும் புல் முந்திக்கொள்வதால்தான் என்பது பிறகு தெளிவானது. அந்தக் குளிர்ச்சியான ஊரிலேயே இந்தக் கதி என்றால் கிருஷ்ணகிரி, நத்தம் பக்கத்துச் செம்மண்ணில் சித்திரை வெயிலில் நிற்கும் ஒட்டு மாங்கன்றுக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

சரி, அதற்காகத் தோட்டம் முழுக்கச் சுத்தமாக வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் இடைவெளியில் மா நட்டால் ஏக்கருக்கு 40 மரம். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் மூன்றடி ஆரத்தில் ஒரு வட்டம் என்றால் அது சுமார் 28 சதுர அடி. நாற்பதையும் சேர்த்தால் 1,130 சதுர அடி, அதாவது மூன்று சென்ட்டுக்கும் குறைவு. நூறு சென்ட் நிலத்தில் மூன்று சென்ட்டைச் சுத்தமாக வைத்தால் போதும், முதல் வருடத்துக்குக் கன்றுக்கு வேண்டியது அவ்வளவுதான். 5 மீட்டர் இடைவெளியில் அடர்நடவு செய்திருந்தால் ஏக்கருக்கு 160 கன்று வரும், அப்போதும் பத்து சென்ட் கணக்குதான். மிச்ச நிலம் முழுவதையும் மாதம் ஒரு தடவை மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் விட்டு ஓட்டுகிறவர்கள் டீசலுக்குக் கொடுக்கும் காசில் பாதியை அந்த வட்டத்துக்குச் செலவு செய்தால் கன்று வேறு மாதிரி நிற்கும். நான் பார்த்தவரை பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டிராக்டர் போகிற நடுப்பகுதி கண்ணாடி மாதிரி இருக்கும், டிராக்டர் போக முடியாத தூர்ப்பகுதியில் புல் மண்டிக் கிடக்கும்.

வட்டம் எவ்வளவு பெரியது? முதல் வருடம் தூரிலிருந்து இரண்டரை, மூன்றடி. அடுத்த வருடம் நாலடி. அப்புறம் கிளை விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டி ஒரு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேர் கிளையோடு நின்றுவிடுவதில்லை, வெளியேயும் போகும்.

புல்லை வெட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வட்டத்துக்குள் போதாது. வெட்டிய புல்லுக்கு வேர் அப்படியே இருக்கிறது, ஒரு வாரத்தில் புதுத் துளிர் விட்டு முன்னைவிட வேகமாகத் தண்ணீர் குடிக்கும். தோட்டம் அழகாகத் தெரியும், கன்றுக்கு லாபம் எதுவும் இருக்காது. வட்டத்துக்குள் புல்லை வேரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சமே படாமல் மூடிச் சாகடிக்க வேண்டும்.

எடுக்கும்போது ஆழமாகக் கொத்தாதீர்கள். களைக்கொத்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல் மண்ணைத் தொடவே கூடாது, தூரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இரும்பே வேண்டாம், கையால் பிடுங்குங்கள். மாமரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் வேர் மேலாக ஓடுகிறது, அதில் காயம் பட்டால் எலுமிச்சையில் பிசின் வடியும் நோய்க்கும், கொய்யாவில் வாடல் நோய்க்கும் நீங்களே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். கூலிக்கு ஆள் விட்டால் முதல் நாலு கன்றுக்குக் கூடவே நின்று காட்டிக் கொடுத்துவிடுங்கள். கன்றைச் சுற்றி நன்றாகக் கொத்திவிட்டால்தான் வேலை செய்த மாதிரி என்று நினைக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம்.

எப்போது எடுப்பது என்பது எவ்வளவு எடுப்பது என்பதைவிட முக்கியம். வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் வருடத்துக்கு இரண்டு தடவை தவறாமல் செய்ய வேண்டும். ஒன்று புரட்டாசியில், மழை பிடிக்கும் முன். இரண்டாவது மார்கழிக் கடைசி அல்லது தை, மழை விட்டதும். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பொங்கல் வேலை, அறுவடை வேலை, நிலத்திலும் ஈரம் இருக்கிறது, கன்றும் தெளிவாக இருக்கிறது, அவசரமில்லை என்று தோன்றும். ஆனால் கோடைக்குக் கன்று குடிக்க வேண்டிய ஈரத்தை அந்த ஒன்றரை மாதத்தில்தான் களை குடித்துத் தீர்க்கிறது, விதையையும் உதிர்த்துவிட்டுக் காய்கிறது. மாசியில் போய்ப் பார்த்தால் களை தானாகவே காய்ந்திருக்கும், மண்ணும் கூடவே காய்ந்திருக்கும். அடைமழைக் காலத்தில் கொத்துவதில் பயன் இல்லை, கொத்திப் போட்டது அப்படியே மறுபடி வேர் பிடிக்கும். அந்த மாதங்களில் ஈரமண்ணில் கையால் பிடுங்குவது சுலபம், பிடுங்கியதை வேர் மேலே தெரிய வட்டத்துக்கு வெளியே போடுங்கள்.

கோரை, அருகு, பார்த்தீனியம்

மற்ற களைகளை ஒரே மாதிரி நடத்தலாம். இந்த மூன்றுக்கும் தனி வைத்தியம்.

கோரையைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள், தண்டு மூன்று பட்டையாக இருக்கும். மேலே பிடுங்கினால் இலைதான் கையில் வரும், கிழங்கு கீழே நின்றுவிடும். மண்ணுக்கு அடியில் கிழங்குகள் சங்கிலிபோலக் கோத்திருக்கும், ஒன்றில் முளை வந்தால் மற்றவை தூங்கிக்கொண்டிருக்கும். ரொட்டவேட்டர் விட்டால் சங்கிலி துண்டு துண்டாகி ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகிவிடும். கோரை இருக்கும் நிலத்தில் ரொட்டவேட்டர் ஓட்டுவதும் கோரையை விதைப்பதும் ஒன்றுதான், உழவு ஓட்டுபவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கன்று வைக்கும் முன்பு என்றால் கோடையில் கொக்கிக் கலப்பையால் இரண்டு மூன்று தடவை உழுது கிழங்கை மேலே கொண்டுவந்து வெயிலில் காயவிடுங்கள், நல்ல வெயிலில் ஒன்றிரண்டு வாரம் காய்ந்த கிழங்கு முளைக்காது. கன்று வைத்த பிறகு என்றால் வட்டத்துக்குள் மண்ணை நெகிழ்த்திக் கையால் கிழங்கைப் பொறுக்கத்தான் வேண்டும், அதன் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக எட்டிப் பார்ப்பதைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதுக் கிழங்கு கட்டும் முன் ஒவ்வொரு தடவையும் இலையை இழந்தால் பழைய கிழங்கின் சேமிப்பு கரையும். ஒரு பருவத்தில் ஒழியாது, குறையும். பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள், அடுத்த வருடம் எருவோடு திரும்பி வரும்.

கோரைக்கு ஒரு பலவீனம் உண்டு, நிழல் ஆகாது. அருகுக்கும் அப்படித்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அருகம்புல் பிள்ளையாருக்கு உகந்தது, கன்றுக்கு இல்லை. மண்ணுக்கு அடியிலும் தண்டு ஓடும், மேலேயும் கொடி ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். வட்டத்தைச் சுத்தம் செய்து முடித்தாலும் வெளியிலிருந்து ஒரு மாதத்தில் உள்ளே நுழைந்துவிடும். அதற்கு வட்டத்தின் ஓரத்தைச் சுற்றி மண்வெட்டியால் அரை அடி ஆழத்துக்கு ஒரு சிறு வெட்டு, அகழி மாதிரி, போட்டு வையுங்கள். ஓடிவரும் கொடி அந்த வெட்டில் தொங்கும், மாதம் ஒரு தடவை ஓரத்தை மட்டும் சீவிவிட்டால் வேலை முடிந்தது. வரப்பில் இருக்கும் அருகை விட்டுவிடுங்கள், வரப்பைக் கரையாமல் பிடித்து வைப்பதே அதுதான்.

பார்த்தீனியம் பூக்கும் முன் எடுக்க வேண்டும், ஒரே செடி பல ஆயிரம் விதை போடும். வேரோடு வரும், ஈரத்தில் இன்னும் சுலபம். ஆனால் வெறும் கையால் தொடாதீர்கள், தோல் அரிப்பும் சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். பூக்காத செடியை மட்கவைக்கலாம். இலையை அரித்துத் தின்னும் சின்ன வரி வண்டுகளைச் செடியில் பார்த்தால் மருந்து அடித்துக் கொன்றுவிடாதீர்கள், அவை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984இல் பெங்களூருவில் இதற்கென்றே விடப்பட்ட வண்டின் வாரிசுகள்.

களை என்று எல்லாவற்றையும் திட்ட வேண்டியதும் இல்லை. சாரணை, பருப்புக்கீரை, பண்ணைக்கீரை, மணத்தக்காளி எல்லாம் வட்டத்துக்குள் முளைத்தால் கொத்தி எறியாமல் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம், களைக்கொல்லி அடிக்காத தோட்டமாக இருந்தால். கொடிகளிடம் மட்டும் இரக்கம் வேண்டாம். கோவை, வேலிப்பருத்தி, முடக்கத்தான் போன்றவை கன்றின் மேல் ஏறிவிட்டால் நுனித் துளிரை அமுக்கிக் கோணலாக்கிவிடும். மேலிருந்து இழுத்தால் துளிர் முறியும், அடியில் அறுத்துவிட்டு நாலு நாள் வாடவிட்டு அப்புறம் உருவுங்கள்.

மூடாக்கு

வட்டத்தைச் சுத்தம் செய்தது பாதி வேலை. வெறும் மண்ணாக விட்டால் அடுத்த மழையில் மறுபடி முளைக்கும், வெயிலில் மேல்மண் சுட்டு மேலாக இருக்கும் வேர்கள் கருகும். மூடாக்கு, அதாவது மண்ணை வைக்கோல், சருகு போன்றவற்றால் மூடுவது, போட்டால் களை எடுக்கும் தடவைகள் நன்றாகக் குறையும், தண்ணீரும் மிச்சம்.

எதைப் போடுவது என்பதற்கு என் பதில்: உங்கள் ஊரில் எது சும்மா கிடைக்கிறதோ அதை. பொள்ளாச்சி பக்கம் தேங்காய் மட்டை, கரும்பு ஊர்களில் சோகை (கரும்பின் காய்ந்த இலை), கடலை போடும் ஊர்களில் கடலைத் தொலி, டெல்டாவில் வைக்கோல், எதுவும் இல்லையென்றால் சருகு. லாரி வாடகை கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைப்பது கட்டுப்படியாகாது. தேங்காய் மட்டை நீண்ட நாள் தாங்கும், ஆனால் குழிவான பக்கம் தரையைப் பார்த்து இருக்கட்டும், நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். தென்னை நார்க்கழிவை மட்கவைக்காமல் போடாதீர்கள், மட்கும் வேலைக்கு மண்ணிலிருந்து தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். வைக்கோல், சோகை விஷயத்தில் மேலாகப் போட்டுவிட்டு மண்ணோடு கலக்காமல் இருந்தால் அந்தத் தொந்தரவு பெரிதாக இருக்காது, வேண்டுமானால் சாணிக்கரைசல் கொஞ்சம் தெளித்துவிடுங்கள்.

போடும் விதம்: முதலில் களையை எடுங்கள், நன்றாகத் தண்ணீர் விடுங்கள், காய்ந்த மண்ணுக்கு மேல் மூடாக்குப் போட்டால் சின்ன மழை எதுவும் கீழே இறங்காது. அடியில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டியிருக்கும் டேப்பைக் கிழித்துவிட்டு, ஒன்றன் மேல் ஒன்று ஒரு சாண் ஏறுமாறு பரப்பி நனையுங்கள். புல் நிறைந்த நிலத்தில் இந்த அட்டை செய்யும் வேலையை வெறும் வைக்கோல் செய்யாது, புல் வெளிச்சம் இல்லாமல் அடியிலேயே வெளுத்துச் சாகும், அட்டையும் ஒரு மழைக்காலத்தில் மட்கிவிடும். அதன் மேல் நாலு முதல் ஆறு அங்குலத்துக்கு மூடாக்கு. இரண்டு அங்குலம் போட்டுவிட்டு மூடாக்கு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது, அந்த அளவில் களை முளைக்க வசதியாக ஈரம் மட்டும்தான் இருக்கும். மட்கி இறங்கிக்கொண்டே போகும், கோடைக்கு முன் ஒரு தடவை மேலே சேர்க்க வேண்டும்.

தூரை ஒட்டி மட்டும் எதுவும் இருக்கக் கூடாது, சுற்றிலும் ஒரு சாண் வெற்றிடம் விடுங்கள். தூரோடு ஈரச் சருகு ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும், ஒட்டுக்கட்டிய இடம் புதைந்துபோனால் இன்னும் மோசம். செம்மண் நிலத்தில் கரையான் பயமும் உண்டு, அது காய்ந்த மூடாக்கைத் தேடித்தான் வரும், அங்கிருந்து வாடிய கன்றின் பட்டைக்கு ஏறும். தூர் வெறுமையாக இருந்தால் மண்பூச்சு ஏறுவது உடனே கண்ணில் படும், தட்டிவிட்டு வேப்பம்புண்ணாக்கு தூவி ஈரம் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். மட்டையைப் புரட்டும்போது கையை விடாமல் குச்சியால் புரட்டுங்கள், தேள் இருக்கும்.

பிளாஸ்டிக் விரிப்பு போடலாமா? போடலாம், பழமரத்துக்கு 100 மைக்ரான் தடிமன் வேண்டும், காய்கறிக்குப் போடும் 25, 30 மைக்ரான் தாள் ஒரு வருடத்தில் கிழிந்து நிலம் முழுக்கப் பறக்கும். கோரை அந்தத் தாளையும் குத்திக்கொண்டு வெளியே வரும். இலைதழை கிடைக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், மண்ணுக்கு அது எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை.

வரிசைக்கு நடுவே

நடுப்பகுதியில் புல் இருந்துவிட்டுப் போகட்டும். சரிவான நிலத்தில் ஐப்பசி மழைக்கு மேல்மண் அடித்துப் போகாமல் பிடித்து வைப்பது அதுதான். பூத்து விதை பிடிக்கும் முன் வெட்டி, வெட்டியதை அள்ளி வட்டத்தில் போடுங்கள், நிலத்தில் விளைந்த மூடாக்கே கிடைத்துவிடும். அருகும் கோரையும் கலந்திருந்தால் மட்டும் பாறையிலோ களத்திலோ நன்றாகக் காயப்போட்டு அப்புறம்.

அதைவிட நல்ல வழி, நடுவில் எதையாவது விதைத்துவிடுவது. கோரைக்கும் அருகுக்கும் நிழல் ஆகாது என்றேனே, அதற்கு இங்கேதான் பயன். சணப்பு அடர்த்தியாக விதைத்தால் 40, 45 நாளில் பூக்கும்போது ஆள் மறையும் அளவுக்கு நிற்கும், அடியில் களை சோர்ந்துபோகும், பூத்ததும் மடக்கி உழுதால் மண்ணுக்குத் தழைச்சத்து, அறுத்து வட்டத்தில் போட்டால் மூடாக்கு. நீர் தேங்கும் நிலத்துக்குத் தக்கைப்பூண்டு. மானாவாரிச் செம்மண்ணுக்குக் கொள்ளுதான் என் தேர்வு, புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் குறைந்த மழையிலும் தரையை மூடிக்கொள்ளும், கொஞ்சம் கொள்ளும் வீட்டுக்கு வரும். தட்டைப்பயறு என்றால் கொடி ஓடாத குத்து ரகம். பூனைக்காலி வேண்டவே வேண்டாம், ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் கன்று எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். மக்காச்சோளம், மரவள்ளி இரண்டும் உயரத்தாலும் பசியாலும் கன்றோடு நேராகப் போட்டி போடுபவை. எதை விதைத்தாலும் வட்டத்துக்குள் ஒரு விதைகூட விழக்கூடாது, ஊடுபயிரும் வட்டத்துக்குள் வந்தால் களைதான்.

ஆடு மேயவிட்டால் வேலை மிச்சமாகுமே என்று தோன்றும். இளம் தோட்டத்தில் வெள்ளாட்டை விட்டால் புல்லை விட்டுவிட்டுக் கன்றைத்தான் முதலில் தின்னும். புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுவதே சரி.

பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் வந்த பிறகு இளம் மரங்களுக்குப் புது எமன் வந்திருக்கிறது. அதன் நைலான் கயிறு தூரில் பட்டால் மெல்லிய பட்டையை ஒரு நொடியில் உரித்துவிடும், சுற்றிலும் உரிந்துவிட்டால் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்காது. மரம் உடனே சாகாது, சில மாதம் கழித்து வாடும், அப்போது யாருக்கும் காரணம் தெரியாது. இயந்திரத்தை வட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள். உயரமான புல்லுக்குள் கன்று மறைந்திருந்தால் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை முதலிலேயே நட்டு வையுங்கள். ஓரடி நீள பி.வி.சி. குழாயை நெடுகப் பிளந்து தூரைச் சுற்றித் தளர்வாக மாட்டி வைப்பதும் நல்ல காவல்.

களைக்கொல்லி

முதல் மூன்று வருடம் கன்றுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. கிளைஃபோசேட் இலை வழியாகப் போய் வேர்வரை கொல்லும் மருந்து, இளங்கன்றின் தண்டு பச்சையாக இருக்கும்வரை அந்தப் பட்டை வழியாகவும் உள்ளே போகும். காற்றில் ஒரு தூறல் பட்டால்கூடத் துளிர் குச்சி குச்சியாக, ஒல்லியாக வரும். இதன் பயன்பாட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களுக்கு மட்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்தியது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி உடம்புக்குள் போனால் மாற்று மருந்தே கிடையாது, அதை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. 2,4-டி என்ற களைக்கொல்லி பக்கத்து நிலத்துத் திராட்சை, பருத்தி, தக்காளி வரை காற்றில் போய்க் கெடுக்கும், கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி திராட்சை இருக்கும் இடத்தில் அடித்தால் அக்கம்பக்கத்தில் உறவே முறிந்துவிடும்.

யூடியூபில் சுற்றும் உப்பு, வினிகர், சோப்புத்தூள் கலவை பற்றியும் கேட்கிறார்கள். இலை கருகும், படம் எடுக்க நன்றாக இருக்கும். கோரைக் கிழங்கு சாகாது, உப்பு மட்டும் உங்கள் கன்றின் வேரடியில் தங்கும். மூன்று சென்ட் நிலத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை, ஒரு களைக்கொத்தும் அட்டைப்பெட்டியும் போதும்.

தண்ணீரையும் உரத்தையும் பற்றிக் கொஞ்சம். சொட்டுநீர் இருந்தால் டிரிப்பரை வட்டத்துக்குள், மூடாக்குக்கு அடியில் வையுங்கள், வெளியே ஈரம் இல்லாவிட்டால் களையும் குறைவு, கன்று வளர வளர டிரிப்பரைத் தூரிலிருந்து தள்ளிக்கொண்டே போங்கள். பாத்தியில் நீர் விடுபவர்கள் எலுமிச்சைக்குத் தூரைச் சுற்றி ஒரு சின்ன மண் அணை, அதற்கு வெளியே இன்னொரு வட்டம் என்று இரட்டைப் பாத்தி கட்டினால் தண்ணீர் பட்டையைத் தொடாது. உரம் போடுவது எப்போதும் களை எடுத்த பிறகுதான், புல்லுக்கு மேல் தூவிய யூரியா புல்லுக்கே போகும். மட்காத சாணியில் களை விதை நிறைய இருக்கும், சூடேறி நன்றாக மட்கியதை மட்டும் போடுங்கள். ஆட்டுக்கிடை கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, சீமைக்கருவேலங்காய் தின்ற ஆடு அதன் விதையை உங்கள் தோட்டத்தில்தான் போடும், அடுத்த மழைக்கு முளைத்ததும் கையோடு பிடுங்கிவிட வேண்டும், முள் முற்றினால் கடப்பாரை வேலை.

தோட்டம் முழுக்க மொட்டையாக வைப்பவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் பாம்பு பயம் என்பார்கள். நியாயமான பயம்தான். அதற்கும் வழி இருக்கிறது: வீட்டிலிருந்து மோட்டார் அறைக்கும், வரிசைகளுக்குள்ளும் நீங்கள் நடக்கும் பாதையை மட்டும் ஒட்ட வெட்டி வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு, ரோட்டு ஓரமும் காட்டு ஓரமும் இருக்கும் பக்கத்தில் பத்தடி அகலத்துக்கு மட்டும் சுத்தமாக உழுது வைத்தால் தீ எளிதில் உள்ளே வராது.

இவ்வளவும் எத்தனை வருடத்துக்கு? கொய்யாவுக்கு இரண்டு மூன்று வருடம், மாவுக்கு நாலைந்து வருடம். அதற்குள் கிளை விரிந்து தானே நிழல் போட ஆரம்பிக்கும், நிழல் விழுந்த இடத்தில் கோரையும் அருகும் தானாகவே மெலியும், அப்புறம் வருடத்துக்கு இரண்டு தடவை வெட்டிவிட்டால் போதும். அதுவரை வட்டத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே ஒரு கண் வையுங்கள். அங்கே வேர்ச்செடியிலிருந்து வரும் துளிர் மண்ணில் முளைத்த எந்தக் களையையும்விட வேகமாகச் சத்தை எடுக்கும், கவனிக்காமல் விட்டால் மேலே ஒட்டிய பங்கனப்பள்ளி செத்து, கீழே இருந்த நாட்டு மா மரமாகிவிடும். விரல் நீளம் இருக்கும்போதே கையால் கிள்ளிவிடுங்கள்.